கடை கிடைக்கும், தெரு கிடைக்குமா?



தாராவி தொண்ணூறடி சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் கடை வைத்திருக்கும் நம் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது இந்நாட்களில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். "சர்வே ஆட்கள் வந்தார்களா? நமக்குக் கடை உண்டாமா?" ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடுகிற அந்தச் சில நிமிடங்களிலும் இதுவே பேச்சு. நியாயமான கேள்விதான். முப்பது நாற்பது வருடம் வியர்வை சிந்திய இடத்தைக் குறித்து ஒருவன் கேட்காமல் இருக்க முடியுமா? ஆனால் இதையடுத்துக் கேட்கவேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அதை எவரும் கேட்டு நான் இதுவரை கண்டதில்லை. கடை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் அப்போது எங்கே குடியிருப்பார்கள்?

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்தை மாநில அரசு 2004ஆம் ஆண்டிலேயே கையிலெடுத்தது. அதன்பின் டெண்டர்கள் வந்தன, போயின. 2018இல் அழைக்கப்பட்ட டெண்டரும் 2020இல் ரத்தாயிற்று. 2022 நவம்பரில் அதானி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் 5,069 கோடி ரூபாய் கேட்புத்தொகையுடன் முன்னணியில் நின்றது. 2023 ஜூலையில் அரசு பணியை அதனிடம் ஒப்படைத்தது. அந்நிறுவனத்துக்கு 80 விழுக்காடும் மகாராஷ்டிர அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள கூட்டு நிறுவனத்தின் பெயர் 2024 டிசம்பரில் நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என மாற்றப்பட்டது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் வேலை 2024 மார்ச்சில் தொடங்கியது. இவ்வளவும் நீங்கள் அறிந்ததே.

அறிவிக்கப்பட்ட விதிகளை இப்போது ஒரு மளிகைக்கடைக்காரரின் கண்களோடு வாசித்துப் பாருங்கள். 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு 350 சதுர அடி வீடு, தாராவிக்குள்ளேயே, இலவசமாக. அத்தேதிக்கு முன்பிருந்த கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 225 சதுர அடி வரை இலவசம். 2000க்கும் 2011 ஜனவரி 1க்கும் இடையில் வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் விலையில் வீடு. ஆனால் அது தாராவிக்கு வெளியே. அதற்குப் பின்பு 2022 நவம்பர் 15 வரையில் வந்தவர்களுக்கும், எந்த ஆண்டில் வந்திருந்தாலும் மேல்தளங்களில் இருப்பவர்களுக்கும், வாடகை முறையிலோ தவணை முறையிலோ வீடு, அதுவும் வெளியேதான்.

மேல்தளம் என்றால் தாராவியில் என்ன பொருள் என்று வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின்மேல் இன்னொரு அறை, அதன்மேல் மற்றொன்று. ஏறிப்போக வெளிச்சுவரில் செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. ஏணியைப் பற்றிக்கொள்ள ஒரு கயிறு. அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். தோல்பை தைக்கிறவர்கள், ஜரிகை வேலை செய்கிறவர்கள், ரெடிமேட் துணி தைக்கிறவர்கள், பழைய பிளாஸ்டிக்கைத் தரம்பிரிக்கிறவர்கள். தமிழரும் உண்டு, உத்தரப்பிரதேசத்தாரும் பீகாரிகளும் உண்டு. தரைத்தளத்தில் இருக்கிற நம் அண்ணாச்சிக்கு நாள் முழுவதும் காசு கொண்டுவருகிறவர்கள் அந்த ஏணியில் இறங்கி வருகிறவர்களே.

தாராவிக் கடையின் வியாபாரம் எப்படி நடக்கிறதென்று அதன் எதிரே அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குச் சர்க்கரை, இரண்டு ரூபாய்ப் பொட்டலத்தில் ஷாம்பு. கால் கிலோ அரிசி வாங்கி, அதே கையோடு இரண்டு முட்டையும் ஒரு தக்காளியும் வாங்கிப்போகும் வாலிபர்கள் உண்டு. அன்றாடம் கூலி வாங்குகிறவன் அன்றாடம்தான் வாங்குவான். அவனுடைய அறையில் ஒரு வாரத்துச் சாமானை வைக்க இடமுமில்லை, எலியிடமிருந்து அதைக் காக்க வழியுமில்லை. ஆகவே ஒரே ஆள் ஒரே நாளில் நான்கு முறை கடைக்கு வருகிறான். நடந்து வருகிறான். ஒரு நிமிடத்தில் வந்து ஒரு நிமிடத்தில் திரும்புகிறான். இந்த நான்கு முறையும் இந்த ஒரு நிமிடமும்தான் அந்தக் கடையின் முதல்.

இன்னொரு முதலும் உண்டு. அது கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நீள அட்டை போட்ட பற்று நோட்டு. பெயரும் தொகையும் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் பெயர்கூட இராது, "பச்சை ஏணி", "தையல் மூன்றாவது பையன்" என்று இருக்கும். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமற்போனபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தொழிற்கூடங்கள் பூட்டப்பட்டபோதும், அந்த நோட்டினால் அடுப்பெரிந்த வீடுகள் நம் சபைகளிலேயே உண்டு. எந்த வங்கியும் கொடாத கடன் அது. முகம் பார்த்துக் கொடுத்தது. முகம் பார்த்துக் கொடுக்கவேண்டுமானால் முகம் பக்கத்திலிருக்கவேண்டும்.

வாங்குகிறவர்களில் பலர் வெறும் வாடிக்கையாளர்கள் மட்டுமல்லர். அதிகாலையில் சைக்கிளின் பின்னே அலுமினியப் பாத்திரம் வைத்து, ஹாரன் அடித்துக்கொண்டு மும்பை முழுவதும் போகிறாரே இட்லிக்காரர், அவருடைய அரிசியும் உளுந்தும் பக்கத்துக் கடையிலிருந்து வந்தவை. அப்பளம் இட்டுக் கொடுக்கும் சகோதரிகள், முறுக்குச் சுடுகிறவர்கள், தொழிற்கூடங்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் மெஸ்காரர்கள் எல்லாரும் ஒரே சந்தின் கணக்கில் பின்னிக் கிடக்கிறார்கள். ஒன்றை உருவினால் அடுத்தது தளர்கிறது.

இதைக்குறித்து ஒரு கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "இப்ப இருக்கிறது நூத்திருபது அடி ஐயா. எரநூத்தி இருபத்தஞ்சு தாராங்கன்னா நமக்கு லாபந்தானே?" என்றார். உள்ளே சாக்கின்மேல் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலை நிமிராமலே சொன்னார்கள்: "மேல இருக்கிற பையன்க எல்லாம் போயிட்டா, காலையில நூறு பாக்கெட் பால யாருக்கு விக்கப் போறீக?" அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. திட்டத்தைக்குறித்து நான் வாசித்த எத்தனையோ கட்டுரைகளில் இல்லாத கேள்வி அந்தச் சகோதரியிடம் இருந்தது.

ஒரு பகுதியின் நிலமதிப்பு உயர, வசதியுள்ளவர்கள் வந்து குடியேற, அங்கிருந்த எளியவர்கள் சிறிது சிறிதாக வெளியேறுவதற்கு ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர். 1964ஆம் ஆண்டில் லண்டனைக்குறித்து எழுதிய ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் உருவாக்கிய சொல் அது. கனவான் வர்க்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தார். "கனவான்மயமாதல்" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் கிண்டலும் கலந்த சொல் என்பதால் அது எனக்குப் பிடிக்கும்.

அதே லண்டனில் எலிஃபண்ட் அண்ட் காசில் என்ற இடத்தில் 1965இல் திறக்கப்பட்ட வணிக வளாகம் ஒன்று இருந்தது. அழகற்ற கட்டடம் என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. ஆனால் கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு அதுவே சொந்த ஊர்ச் சந்தை. அங்கே அவர்களுடைய உணவு, அவர்களுடைய தையற்கடை, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடை, அவர்களுடைய மொழி. மாட்டுங்காவில் நமக்கு என்னவோ, அங்கே அவர்களுக்கு அது. அருகில் ஹேகேட் எஸ்டேட் என்னும் நகரசபைக் குடியிருப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் அந்த வீடுகள் காலி செய்யப்பட்டன, 2014க்குள் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் லண்டனின் பல மூலைகளுக்கும் வெளியூர்களுக்கும் சிதறினார்கள். வணிக வளாகம் 2020 செப்டம்பர் 24 அன்று மூடப்பட்டு, அடுத்த ஆண்டு இடிக்கப்பட்டது. கடைக்காரர்கள் சிலருக்கு அருகிலேயே மாற்றுக் கடைகள் கட்டிக் கொடுத்தார்கள், அனைவருக்கும் கிடைக்கவில்லை. வரிசையைக் கவனியுங்கள். வாங்குகிறவர்கள் முதலில் போனார்கள், விற்கிறவர்கள் பின்பு போனார்கள்.

இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தாதரிலிருந்து இரண்டு நிறுத்தம் போதும். லோயர் பரேலில் சேனாபதி பாபட் மார்க்கில் நிற்கிற பீனிக்ஸ் ஒரு காலத்தில் நூல் ஆலை. 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போகவேயில்லை. ஆலை நிலங்களை விற்கவும் வேறுவகையில் பயன்படுத்தவும் 1991இல் விதி வந்தது. 2001இல் அது நில உரிமையாளருக்கு அநுகூலமாகத் திருத்தப்பட்டது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஆலை வளாகம் கடைவளாகமாயிற்று. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிக் பஜார் இருந்தது. சுற்றியிருந்த சால்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பக்கெட்டும் பருப்பும் வாங்கினார்கள். குடியரசு தினச் சலுகை நாட்களில் கூட்டம் நெருக்கித் தள்ளியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளில் அதே வளாகத்துக்குள் பல்லேடியம் எழும்பிற்று. வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களும் கைப்பைகளும் வந்தன. 2022இல் பிக் பஜாரும் கடைப்பெயராக இல்லாமற்போயிற்று. ஆலையில் நூல் நூற்றவனுடைய பேரன் இன்று அங்கே செக்யூரிட்டி சீருடையில் கதவைத் திறந்துவிடக் கூடும். உள்ளே எதையும் வாங்க அவனால் முடியாது.

அந்தப் பகுதியில் பழைய மளிகைக்கடைகளையும் கானாவள்களையும் புல்டோசர் கொண்டு இடித்தவர் எவருமில்லை. அவை தாமாகவே மூடிக்கொண்டன. மாதச்சம்பளம் வாங்கி மூன்று வேளை சாப்பிட்டு மாதக்கடைசியில் கணக்குத் தீர்த்த ஆலைத் தொழிலாளி இல்லாதபோது கானாவளுக்கு என்ன வேலை?

நான் சொல்வதற்கு நேரெதிர் உதாரணம் ஒன்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. மாட்டுங்காவைப் பாருங்கள். 1896இல் வந்த கொள்ளைநோய்க்குப்பின் 1898இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய புறநகர் அது. 1930களில் தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் பள்ளியைத் தொடங்கிற்று. கஃபே மைசூர் 1936, ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942. பிறகு பிள்ளைகள் படித்தார்கள், குடும்பம் பெருகிற்று, வீடு போதவில்லை. செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் வாஷிக்கும் போய்விட்டார்கள். அங்கே இன்று குடியிருப்பவர்களில் குஜராத்தியரும் கச்சிகளும் மிகுதி. அப்படியிருந்தும் சந்தை சாகவில்லை! சனிக்கிழமை மாலையில் தெலாங் சாலையிலும் லட்சுமி நாராயண் சந்திலும் நடந்துபாருங்கள். வாழையிலை, சேனைக்கிழங்கு, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தொடுத்த மல்லிகைச்சரம், அப்போது வறுத்து அரைத்த காப்பித்தூள். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ரயிலில் வந்தவர்கள்.

அப்படியானால் வாங்குகிறவர் தூரமாய்ப் போனாலும் கடை பிழைக்கும் அல்லவா? பிழைக்கும், இரண்டு காரியங்கள் இருந்தால். ஒன்று, வேறெங்கும் கிடையாத சரக்கு. டோம்பிவிலியில் இருக்கிறவர் நல்ல காப்பித்தூளுக்காக ரயிலேறுவார். பத்து ரூபாய் எண்ணெய்க்காக ஏறுவாரா? மற்றொன்று வாடகை. மாட்டுங்காவின் பழைய கடைகள் பல பகடிக் கடைகள். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் மாதத்து வாடகையை அப்படியே உறையவைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்பும் வருடத்துக்கு 4 விழுக்காடுதான் ஏற்றலாம். கட்டட உரிமையாளருக்கு இது அநியாயம் என்பதை மறுப்பதற்கில்லை. கூரை ஒழுகினால் அவர் எந்தப் பணத்தில் அடைப்பார்? ஆனால் கீரையும் பூவும் விற்கிற சிறுவியாபாரி எண்பது வருடமாக நகரத்தின் நடுவிலே நின்றதற்குக் காரணம் அந்தச் சொற்ப வாடகையே. இப்போது அக்கட்டடங்களும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுக் கோபுரங்களாக எழும்புகின்றன. பகடிக்காரருக்குப் புதிய கட்டடத்தில் சொந்தக் கடையே கிடைக்கிறது. சொந்தமானபின் அவர் அங்கே கீரை விற்பாரா, அல்லது மருந்துக்கடைச் சங்கிலிக்கோ நகைக்கடைக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டிலிருப்பாரா? நீங்களானால் என்ன செய்வீர்கள்? நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

செம்பூரைக்குறித்து அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2013 ஜூனில் கிழக்கு விரைவுச்சாலை, 2014 பிப்ரவரியில் மோனோ ரயில், அதே ஏப்ரலில் சாந்தாகுரூஸ் இணைப்புச்சாலை. ஒரு வருடத்துக்குள் மூன்று வழிகள் திறந்தன. தொலைவிலிருந்த இடம் பக்கத்து இடமாயிற்று. 1948இல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர். கே. ஸ்டூடியோவே 2017இல் தீவிபத்துக்குள்ளாகி, 2019இல் கோத்ரெஜ் கைக்குப் போய், சொகுசுக் குடியிருப்பாக மாறிவிட்டதென்றால் மற்றவை எம்மாத்திரம்?

தாராவிக்கே திரும்புவோம். மித்தி நதிக்கு அக்கரையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். 2023 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் கடையை அங்கேதான் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகத்தின் விலையுயர்ந்த பெயர்களையெல்லாம் சேர்த்து ஜியோ வேர்ல்ட் பிளாசா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 ஏக்கர் தாராவியின் விலை இங்கே இருக்கிற வீடுகளால் ஏறவில்லை, அக்கரையிலிருக்கிற அலுவலகங்களால் ஏறிற்று. விற்பனைக்கென்று கட்டப்படும் கட்டடங்களில் வந்து குடியேறப்போகிறவர்களும் அக்கரைக்காரர்களே. அவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். ஆனால் கால் கிலோ அரிசி வாங்கமாட்டார்கள். பற்று நோட்டு அவர்களுக்கு வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் வாசலுக்குச் சாமான் கொண்டுவரும் செப்டோவும் பிளிங்கிட்டும் அவர்கள் கைப்பேசியில் இருக்கின்றன.

இதை வாசிக்கிற சிலர், "பாஸ்டர் மாற்றத்தையே வேண்டாமென்கிறார்" என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. பொதுக் கழிப்பறைக்கு விடியற்காலை இருட்டிலே வரிசையில் நிற்கும் பெண்பிள்ளைகளை அறிந்தவன் தாராவி இப்படியே இருக்கட்டும் என்று சொல்லமாட்டான். தாராவியின் குறுஞ்சந்துகளைப் புகழ்ந்து புத்தகம் எழுதுகிறவர்கள் அச்சந்துகளில் குடியிருப்பதில்லை. கதவுள்ள கழிப்பறையும் குழாயில் தண்ணீரும் தங்கள் சொந்த வீட்டுக்குள் வேண்டுமென்று நம் சகோதரிகள் ஜெபிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அது நியாயமான ஜெபம்.

நாபோத்தின் திராட்சத்தோட்டச் சம்பவத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதன் இரத்தம் சிந்திய முடிவைத்தான் நாம் பிரசங்கிக்கிறோம். தொடக்கத்தைச் சற்றே கவனியுங்கள். ராஜா முதலில் பறிக்க வரவில்லை. அரண்மனைக்கு அருகே கீரைக்கொல்லை போட இடம் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றான், அல்லது பணமாகத் தருகிறேன் என்றான். கணக்குப்படி பார்த்தால் நாபோத்துக்கு நஷ்டமில்லை. ஆயினும் அந்த நிலத்தில் அவன் கண்டதை ராஜாவின் கணக்கு காணவில்லை. இன்றைய ஒப்பந்தக்காரரை ஆகாபுக்கு ஒப்பிட நான் இதை எழுதவில்லை. இங்கே சட்டமும் நீதிமன்றமும் கணக்கெடுப்பும் இருக்கின்றன. சதுர அடிக்குச் சதுர அடி சரியாக இருந்தாலும் ஒருவனுக்கு இழப்பு நேரிடலாம் என்பதற்காகவே எழுதினேன். 120க்கு 225 என்று மகிழ்ந்த அண்ணாச்சியின் இழப்பு சதுர அடியில் இல்லை.

வாடகை அறைகளில் கூடிவருகிற நம் சிறு சபைகளுக்கும் இதே நிலைமைதான். விசுவாசிகளில் மேல்தளத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த போதகர்கள் அறிவார்கள்.

செய்யவேண்டியது என்ன? முதலாவது, காகிதங்கள். குமாஸ்தா லைசென்ஸ், கடைப் பெயரிலுள்ள பழைய லைட் பில், போட்டோ பாஸ், வாடகைச் சீட்டு, எடைக்கல் முத்திரையிட்ட ரசீது, எதையும் பழைய காகிதமென்று எறிந்துவிடாதீர்கள். 2000க்கு முந்தின தேதியுள்ள ஒரு காகிதம் இன்று பொன்னைவிட மேலானது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். தாராவியில் தீயும் மழைநீரும் எவ்வளவு தாள்களைத் தின்றிருக்கின்றன! தகப்பனார் பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகியிருந்தால், மரணச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இருந்தால் அதையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நலம்; கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும்போது தீராது.

இரண்டாவது, எத்தனை அடி என்று மட்டும் கேளாமல், எந்தத் தளம், எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையில் இருந்த வியாபாரிகளை 2013இல் ஒரு பல அடுக்குக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்க் கடை கொடுத்தார்கள். மழை நனையாத கடை, பூட்டுள்ள கடை. ஆனால் மாடியேறி வந்து வளையல் வாங்குகிறவர் யார்? வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் புலம்பினார்கள். தெருவைப் பார்த்த கடைக்கும் உள்ளடங்கிய கடைக்கும் உள்ள வித்தியாசம் எந்த வரைபடத்திலும் எழுதப்பட்டிராது, கேட்டால்தான் தெரியும். முதல் பத்து வருடம் பராமரிப்புக் கட்டணமில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். பதினோராவது வருடத்தில் லிப்டுக்கும் காவலுக்கும் மாதம் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, கூட்டமாகக் கேளுங்கள்; கடைக்காரர் மட்டும் சேர்ந்த கூட்டமாக அல்ல. மேல்தளத்து வாடகைக்காரரும் கீழ்த்தளத்து வியாபாரியும் இன்று தனித்தனிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். சில வேளைகளில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடும் பார்க்கிறார்கள். "அவன் நேற்று வந்தவன், அவனுக்கு எதற்கு இங்கே வீடு?" என்று நம்மவர் ஒருவர் சொல்லக் கேட்டேன். நேற்று வந்தவன்தான் அவருடைய கடையில் நான்கு முறை வருகிறவன். அவனை எங்கே குடியேற்றுவார்கள், எவ்வளவு தூரத்தில் என்பது கடைக்காரருடைய சொந்தக் காரியம். நடைபாதையில் தட்டு வைத்து மீனும் கறிவேப்பிலையும் விற்கும் தாய்மார்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், வாங்குகிறவரும் விற்கிறவரும் நெடுங்காலமாக இயல்பாய்க் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்றே பெயரிட்டு அங்கீகரிக்கிறது. தொண்ணூறடி சாலையின் மாலைநேரச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரில்லை. ஆனால் அதைச் சட்டத்தின் பெயரால் கேட்டவர்கள் எத்தனை பேர்?

கடைசியாக, வாங்குகிற நம்மைக்குறித்தும் ஒரு வார்த்தை. சம்பளம் வந்த முதல் வாரத்தில் ஆட்டோ பிடித்து டிமார்ட்டுக்குப் போய்ப் பை பையாக வாங்கி வருகிறோம். இருபதாம் தேதிக்குமேல் கை வறண்டபோது அண்ணாச்சி கடைக்குப் போய், "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்கிறோம். ரொக்கம் அங்கே, கடன் இங்கே. பெரிய கடையில் விலை குறைவுதான், அதை நான் அறிவேன். நான்கு பிள்ளைகளுள்ள வீட்டில் ஐம்பது ரூபாயும் பெரிதே. ஆனாலும் முதல் தேதிப் பட்டியலில் அரிசியும் எண்ணெயுமாவது சந்துக்கடையில் ரொக்கத்துக்கு வாங்கலாமே. கடை இடம் மாறுகிற காலம் வரும்போது, கட்டடம் முடிகிற வரையில் சில வருடங்கள் அந்த வியாபாரி ஒண்டுக் கடையில் இருக்கவேண்டியிருக்கும். கையில் கொஞ்சம் முதல் இருந்தால்தான் அந்த வருடங்களைத் தாண்டுவார்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பகடிக் கடை வைத்திருக்கும் வாசகர்கள், கட்டடம் இடிக்கப்படும்போது மாற்று வாடகை, ஒப்பந்தப் பதிவு ஆகியவற்றைக்குறித்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வழக்கறிஞராகிய சபை மூப்பர் ஒருவரிடம் விசாரித்து அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் எவரும் எந்தச் சம்மதப் பத்திரத்திலும் வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். மராத்தியில் இருந்தால், பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கிற உங்கள் பிள்ளையை உட்காரவைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.